கிளுவை வேலியும் கம்பிவேலியும்: காங்கயம் கொரங்காடுகளில் ஒரு பறவை ஆய்வு, களம் முதல் கணக்கு வரை

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு மாற்றம் கண்ணில் படும். கிளுவை என்னும் முள்மரத்தை நட்டு வளர்த்த ஆளுயர வேலி நின்ற இடங்களில் இப்போது கல்லுக்காலும் முள்கம்பியும் நிற்கின்றன. சில காடுகளில் (இந்தப் பக்கம் காடு என்றால் விவசாய, மேய்ச்சல் நிலம்) முள்கம்பியும் பழசாகி, தரையைத் தொடும் வலைவேலி வந்துவிட்டது. உயிர்வேலி போய்க் கம்பிவேலி வந்தால் அந்தக் காட்டுப் பறவைகளுக்கு என்ன ஆகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் செய்த ஆய்வைத் தொடக்கம் முதல் கடைசி வரை இங்கே எழுதுகிறேன். பைனாகுலரோடு அலைவதுதான் சூழலியல் என்று நினைத்து இந்தத் துறைக்கு வருகிற மாணவர்கள் பலர். அலைந்து முடித்த பிறகு நடக்கும் வேலையும் அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பது என் ஆசை.

கொரங்காடு என்னும் மேய்ச்சல் பூமி

கொங்கு நாட்டின் காய்ந்த நடுப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் மேய்ச்சல் நிலம் கொரங்காடு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே காற்றுதான் வருகிறது, மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை நம்பித்தான் ஆண்டு ஓடுகிறது. அந்த மழைக்கு, கிணற்றுத் தண்ணீர் எட்டாத சரளை மண்ணில் நிச்சயமாக விளைவது புல்தான். ஆகவே நிலத்தை உழாமல் விட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நடுநடுவே வெள்வேலா மரங்களை நிறுத்தி, சுற்றிலும் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டு வேலியாக்கினார்கள். காங்கயம் மாடுகளையும் ஆடுகளையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும், மேய்க்கத் தனி ஆள் வேண்டாம். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். புல் காய்ந்த காலத்தில் வெள்வேலாங்காய் ஆடுகளைக் காப்பாற்றும்.

இது வனத்துறை நிலமும் இல்லை, சரணாலயமும் இல்லை. பட்டா பூமி. வருவாய்க் கணக்கில் புஞ்சை என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து நிலத்தை வகை பிரிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட புல்வெளிகள் பெரும்பாலும் தரிசாகத்தான் தெரிகின்றன. தரிசு என்று எழுதிவிட்ட இடத்தில் காற்றாலை, சூரியமின் பலகை, வீட்டுமனை என எதை வைத்தாலும் இழப்பு என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் வெளியான நாடு தழுவிய அறிக்கை, திறந்த புல்வெளிகளை நம்பி வாழும் பறவைகள் வேகமாகக் குறைந்து வருவதைத் தெளிவாகவே சொல்கிறது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் சரிந்திருக்கின்றன. அதில் நம் ஊர்ப் பனங்காடையும் உண்டு.

வேலிகள் ஏன் மாறுகின்றன என்று காட்டுக்காரர்களிடம், அதாவது நிலச் சொந்தக்காரர்களிடம், கேட்டால் யாரும் சாக்குச் சொல்வதில்லை. கிளுவை வேலியை ஆண்டுதோறும் வெட்டிச் சீர்செய்து, சந்து விழுந்த இடத்தை முள்ளால் அடைக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. வேலியின் அகலத்துக்கு நிலமும் போகிறது. இதற்கெல்லாம் மேல் தெருநாய். காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறும் நாய்களால் குடும்பங்கள் பட்ட நஷ்டத்தை நேரில் பார்த்தவர்கள் வலைவேலி போட்டவரைக் குறை சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆய்வைத் தொடங்கும் முன்பே இதை எழுதி வைத்துக்கொண்டோம். முடிவு எதுவானாலும், அது இந்தக் காரணங்களுக்குப் பதில் சொல்லாவிட்டால் யாருக்கும் பயன்படாது.

எந்தக் காடு, எத்தனை காடு

கேள்வி எளிது. ஆனால் கம்பிவேலிக் காடுகளில் பத்தையும் கிளுவைவேலிக் காடுகளில் பத்தையும் எடுத்துப் பறவைகளை எண்ணி ஒப்பிட்டால் அது ஆய்வாகாது. கம்பிவேலி பெரும்பாலும் தார்ரோட்டை ஒட்டிய காடுகளில்தான் முதலில் வந்தது. வெளியூர்க்காரர் வாங்கிப்போட்ட நிலமாக இருக்கும், மேய்ச்சல் குறைந்திருக்கும், மரம் வெட்டியிருப்பார்கள். அங்கே பறவை குறைந்தால் அது வேலியாலா, ரோட்டாலா, மரம் இல்லாததாலா? இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. களத்துக்குப் போகும் முன்பே பிரித்தாக வேண்டும்.

அதனால் இணை இணையாகத் தேர்ந்தெடுத்தோம். ஒரு கம்பிவேலிக் காட்டை எடுத்தால், அதே அளவு ரோட்டுத் தொலைவில், ஏறக்குறைய அதே எண்ணிக்கை வெள்வேலா மரங்களோடு, இன்றும் மேய்ச்சலில் இருக்கும் கிளுவைவேலிக் காடு ஒன்றைத் தேடினோம். தேர்வுக்கே ஒரு பருவம் போய்விட்டது. போனதில் வருத்தம் இல்லை. ஒரே குடும்பத்தின் நான்கு காடுகள் பக்கம் பக்கமாக இருந்தால் அவற்றை நான்கு தனிச் சான்றுகளாக எண்ணக்கூடாது என்பதையும் விடாமல் பார்த்தோம். ஒரே மந்தை மேயும், ஒரே கவுதாரிக் கூட்டம் நாலு காட்டிலும் நடமாடும். இந்தப் பொய்ப்பெருக்கத்தை சூழலியலாளர் ஸ்டுவர்ட் ஹர்ல்பர்ட் 1984-லேயே ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டிவிட்டார். இன்னமும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

“டவர் லைனுக்கு அளக்க வந்தீங்களா?”

வனப்பகுதியில் ஆய்வு என்றால் துறையின் அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டப்படி, பட்டியலில் உள்ள உயிரைப் பிடிக்க வேண்டுமானால் எந்த நிலத்திலும் அனுமதி கட்டாயம். நாங்கள் எதையும் பிடிக்கவில்லை, பார்க்கவும் கேட்கவும் மட்டுமே செய்தோம். ஆகவே எங்களுக்கு வேண்டிய அனுமதி காட்டுக்காரருடையது. அதுதான் கடினம்.

விவசாய நிலத்தில் உயர்மின் கோபுரம் அமைப்பதை எதிர்த்து 2018 கடைசியில் இந்தப் பகுதி விவசாயிகள் நடத்திய போராட்டம் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. கையில் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

“ஏனுங்கம்முணி, டவர் லைனுக்கு அளக்க வந்தீங்களா?”

“இல்லீங்கய்யா. குருவி எண்ண வந்திருக்கறமுங்க.”

“குருவிய எண்ணி என்னத்தப் பண்றதுங்க? மொதல்ல மயில எண்ணுங்க. வெச்ச வெள்ளாமையப் பூராத் திங்குது.”

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஊரிலும் வந்தது. சரியான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மயில் பெருகியிருப்பதை அந்த 2023 அறிக்கையும் சொல்கிறது. ஆகவே மயிலையும் எண்ணுவோம் என்று சொல்லி, எண்ணவும் செய்தோம். முதல் நாளே போய் அனுமதி கேட்பதில்லை. ஊரில் இரண்டு மூன்று தடவை தலைகாட்டி, கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசி, எங்கள் தாளையும் கருவிகளையும் காட்டி, எந்தக் காட்டின் சர்வே எண்ணையும் வெளியிடமாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் படலைத் திறந்தோம். கன்னபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியது இதற்கு ரொம்பவும் உதவியது. காங்கயம் மாட்டைப் பற்றி நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசத் தெரிந்தால் இந்த ஊர்களில் மரியாதை தனி.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மூலனூர்ப் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்தவர், எங்கள் களத் துணைவர். புல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தால் நான் தலையைத் திருப்புவதற்குள் எந்தக் குருவி, எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவார். ரேஞ்ச்ஃபைண்டரில் சரிபார்த்தால் பெரும்பாலும் அதே தூரம் இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி நன்றி சொல்லிவிட்டுப் போவது நம் துறையின் நெடுநாள் வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. தரவின் பாதி அவருடைய காது. அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்கும்.

விடிந்து மூன்று மணி நேரம்

தை, மாசி மாதங்களைத் தேர்ந்தெடுத்தோம். மழை முடிந்து புல் நிற்கும், காற்று இருக்காது. ஆடியில் இங்கே அடிக்கும் காற்றில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, தையல்சிட்டு எங்கே கேட்கப்போகிறது? இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும் இடைவெளியில் பறவைகள் வருவதும் போவதுமாக இருந்தால் கணக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். வலசை வரும் பூனைப்பருந்துகளும் பொங்கலுக்குள் வந்து நிலைத்துவிடுகின்றன. ஆகவே ஒரு காட்டுக்குரிய எல்லா வருகைகளையும் சில வாரங்களுக்குள் முடித்தோம்.

ஒவ்வொரு காட்டிலும் வேலியோரம் ஒரு புள்ளி, நடுக்காட்டில் ஒரு புள்ளி. புள்ளிக்கு வந்ததும் எண்ணத் தொடங்குவதில்லை. நாம் நடந்து வந்ததில் அடங்கிப்போன குருவிகள் பழையபடி பேச ஆரம்பிக்கச் சில நிமிடங்கள் விட வேண்டும். அப்புறம் பத்து நிமிடம். பார்த்தது, கேட்டது, எத்தனை, எவ்வளவு தூரம், வேலியிலா புல்லிலா மரத்திலா என்று தாளில் ஏறும். காற்றின் வேகத்தையும் குறிப்போம்.

கிளுவை வேலியை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒற்றைச் செடியால் ஆனதில்லை. கிளுவை எலும்பு மாதிரி நடுவில் நிற்க, கீழே சங்கஞ்செடி அடர்ந்திருக்கும், மேலே கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் பிரண்டையும் ஏறியிருக்கும். அதற்குள் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டே போகும். சத்தத்தை வைத்து ஆறோ ஏழோ என்று எழுதலாம், கண்ணில் படுவது இரண்டுதான். கவுதாரி அதைவிடக் கெட்டி. கூப்பிடும்போது காடே அதிரும், ஆனால் ஆளைக் கண்டால் பறக்காது, வேலியின் அடியோடு ஓடி மறைந்துவிடும். முள்கம்பிவேலியில் கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து அடுத்த காட்டுக்குப் போகிறது. தரைவரை இறங்கிய வலைவேலியில் அதே கவுதாரி வழி தேடி வேலியோரமாகவே முன்னும் பின்னும் ஓடுவதைப் பலமுறை பார்த்தோம். கம்பியின்மேல் கரிச்சானும் பஞ்சுருட்டானும் பனங்காடையும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றைக்கூடத் தவறவிட முடியாது.

வெயில் ஏறி எண்ணிக்கை முடிந்த பிறகு புல்லின் உயரம், மண் தெரியும் பங்கு, வேலியின் உயரம், அகலம், சந்துகள், அதில் உள்ள செடிகள் என்று அளவெடுப்பு. வெள்வேலா முள் செருப்பையும் வண்டி டயரையும் ஒரே மாதிரிதான் மதிக்கும். இரண்டு காடுகளுக்கு நடுவே இருபுறமும் வேலி மூடிய இட்டேரிகளிலும் தனியாகக் குறிப்பெடுத்தோம். அவற்றில் பல தார்ரோடாகிவிட்டன. மிச்சம் இருப்பவற்றில்தான் செம்போத்தை எளிதாகப் பார்க்க முடிகிறது.

தாளிலிருந்து கணினிக்கு

செல்போனிலேயே பதிவு செய்யும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் அந்த வெயிலில் திரை தெரியாது, குனிந்து தட்டுவதற்குள் பறவை போய்விடும். ஆகவே தாள், பென்சில். மாலையில் அறைக்கு வந்ததும் ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து, அன்றைக்கே எக்செல்லில் ஏற்றுவோம். மறுநாள் வேறொருவர் தாளையும் எக்செல்லையும் வைத்து ஒப்பிடுவார். ஒரே பறவை மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும், ‘இல்லை’ என்று பொருள்படும் பூஜ்யமும் ‘எண்ணவில்லை’ என்று பொருள்படும் காலிக் கட்டமும் கலந்திருக்கும். இந்தக் கடைசிக் கலப்பு மற்றவற்றைவிட ஆபத்து, ஏனென்றால் கணினி அதைப் பிழை என்று சொல்லாது. அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டுவிடும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு படியையும் ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழியில் நிரலாக எழுதி வைத்தோம். மூலத் தரவில் யாரும் கைவைப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒருவர் வந்து ‘இந்த எண் எப்படி வந்தது’ என்று கேட்டால் நிரலை ஓட்டிக் காட்டலாம்.

ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய். வரும் மாதத்தில் சரி, தாமதமாகும் மாதங்களில் பெட்ரோல் கைக்காசு. களவேலைக்காக எடுத்த அறையின் வாடகை எந்தத் தலைப்பிலும் வராது. ஆராய்ச்சியாளர் வாழ்க்கையில் இது சின்ன விஷயமில்லை, நல்ல மாணவர்கள் பாதியில் விட்டுப்போவதே இதனால்தான்.

பார்க்காததையும் கணக்கில் சேர்ப்பது

இப்போது மையமான இடத்துக்கு வருகிறோம். தாள்களில் இருந்த எண்களை அப்படியே கூட்டிப் பார்த்தால் கம்பிவேலிக் காடுகளில்தான் பறவைகள் கொஞ்சம் அதிகம். இந்தக் கூட்டலோடு நிறுத்தியிருந்தால், கம்பிவேலி பறவைகளுக்கு நல்லது என்று ஒரு செய்திகூட வந்திருக்கும்.

ஆனால் கம்பிவேலிக்குள் பறவை ஒளிய இடமில்லை. கிளுவைக்குள் ஒளிந்தால் தெரியாது. நாம் எண்ணியது பறவைகளின் எண்ணிக்கையும் நம் கண்ணுக்குக் கிடைத்த வாய்ப்பும் சேர்ந்தது. இரண்டையும் பிரிக்கத்தான் ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனோம், தூரத்தையும் எழுதினோம்.

ஒரு எடுத்துக்காட்டு. கிளுவைவேலிக் காடு ஒன்றில் கவுதாரி இருக்கிறது, ஒருமுறை போனால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.4 என்று வைத்துக்கொள்வோம். தவறவிடும் வாய்ப்பு 0.6. மூன்று முறை போய் மூன்று முறையும் தவறவிடும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. கவுதாரி இருக்கும் ஐந்து காடுகளில் ஏறக்குறைய ஒன்றை ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வருவோம். கம்பிவேலிக் காட்டில் அதே வாய்ப்பு 0.7 என்றால், மூன்று முறையும் தவறுவது 0.027, நூற்றில் மூன்றுகூட இல்லை. இரண்டு வகைக் காட்டிலும் கவுதாரி சமமாக இருந்தாலும் கம்பிவேலிதான் ஜெயிக்கும்.

ஒரு காட்டில் ‘பார்த்தோம், பார்க்கவில்லை, பார்த்தோம்’ என்று வரும் வரிசையிலேயே அந்த வாய்ப்பைக் கணிக்கத் தேவையான தகவல் இருக்கிறது. ஒருமுறையாவது பார்த்த காட்டில் மற்ற வருகைகளில் எத்தனை தடவை தவறவிட்டோம் என்பதிலிருந்து, ஒருமுறைகூடப் பார்க்காத காடுகளைப் பற்றியும் பேசலாம். டாரில் மெக்கன்சியும் உடனிருந்தோரும் 2002-ல் இதற்கு ஒரு கணித மாதிரியை வகுத்தார்கள். எண்ணிக்கைக்கு ஆண்டி ராய்ல் 2004-ல் இன்னொன்றைக் கொடுத்தார். ஆர் மொழியில் அன்மார்க்டு என்ற தொகுப்பில் இரண்டும் உண்டு. காற்று, நேரம், வேலிவகை மூன்றையும் கண்டறியும் வாய்ப்பின் பக்கம் வைத்தோம். வேலிவகை, புல் உயரம், மரம், ரோட்டுத் தொலைவு ஆகியவற்றைப் பறவையின் பக்கம் வைத்தோம். வேலிவகை இரண்டு பக்கமும் இருப்பதைக் கவனியுங்கள். இந்த ஆய்வின் முடிச்சே அதுதான்.

கணக்கு என்ன சொன்னது

தவிட்டுக்குருவி, கவுதாரி, தையல்சிட்டு, கதிர்க்குருவி நான்குக்கும் வரிசை தலைகீழானது. கண்டறியும் வாய்ப்பைத் திருத்திய பிறகு கிளுவைவேலிக் காடுகளில்தான் இவை தெளிவாக அதிகம். வேலி இருப்பதைவிட வேலியின் அகலமும் அதில் ஏறியிருக்கும் கொடிகளும் முக்கியமாகத் தெரிந்தன. ஆண்டுதோறும் வெட்டி ஒல்லியாக வைத்திருக்கும் கிளுவை வேலி பறவைக்குப் பாதி வேலிதான். செம்போத்தும் அதே திசையைக் காட்டியது, ஆனால் பதிவுகள் குறைவு, நம்பக எல்லை (உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு) விரிந்து கிடந்தது. ஆகவே செம்போத்தைப் பற்றி முடிவு எழுதவில்லை.

சாம்பல்தலை வானம்பாடியும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் வேலியைக் கண்டுகொள்ளவே இல்லை. அவற்றுக்குப் புல் உயரம்தான் கணக்கு. மேய்ச்சல் நின்று புல் முட்டளவு வளர்ந்த காடுகளில் இரண்டும் குறைந்தன. அதாவது எந்த வேலி போட்டாலும் மாடு மேயாவிட்டால் கொரங்காடு இந்தப் பறவைகளைப் பொறுத்தவரை கொரங்காடாக இருப்பதில்லை. பாதுகாப்பு என்றால் ஆளையும் மாட்டையும் வெளியே நிறுத்துவது என்று நினைப்பவர்களுக்கு இந்த முடிவு பிடிக்காது. நான் இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

கரிச்சானுக்கு இரண்டும் ஒன்றுதான். மயில் எல்லா இடத்திலும் இருந்தது.

இது இந்தக் காடுகளுக்கு, இந்தப் பருவத்துக்கு உரிய முடிவு. மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கோ கடவூர் மலைக்கோ இதைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

காட்டுக்காரர்களிடம் திரும்பிப் போனது

கட்டுரைக்கு முன்னால் முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி, படலைத் திறந்துவிட்ட எல்லாருக்கும் கொடுத்தோம். ஊர்க் கோயிலில் உட்கார்ந்து பேசியபோது ஒரு பெரியவர் நேராகக் கேட்டார்: “கம்பிய எடுத்துட்டு மறுக்கா வேலி வெக்கச் சொல்றீங்களா? நாயிக்கு என்ன பண்றதுங்க?” எடுக்கச் சொல்லவில்லை. வலைவேலிக்கு உட்புறமாக ஒரு வரிசை கிளுவைப் போத்து வைக்கலாமா என்றுதான் கேட்டோம். பக்கத்துக் காட்டில் வேலி வெட்டும்போது போத்து சும்மாவே கிடைக்கும், நாயைத் தடுக்கக் கம்பி இருப்பதால் அதை ஆண்டுதோறும் வெட்டி அடைக்கும் கூலியும் இல்லை. வலையின் அடியில் அங்கங்கே கவுதாரி நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட முடியுமா என்றும் கேட்டோம். இதற்கு மட்டும் யாரும் உடனே தலையாட்டவில்லை. கவுதாரி நுழையும் இடைவெளியை நாய் தோண்டிப் பெரிதாக்கும் என்றார்கள். நியாயம்தான்.

கம்பியும் கிளுவையும் சேர்ந்த கலப்பு வேலி பறவைக்குப் போதுமா என்பதற்கு எங்கள் தரவில் பதில் இல்லை, அப்படிப்பட்ட காடுகள் மிகச் சில. பறவை ஒரு வேலியில் இருப்பதும் அதில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துக் கரையேற்றுவதும் வேறு வேறு. ஆகவே அடுத்த கட்டத்தில் கூடுகளைத் தொடரப்போகிறோம்: முதிர்ந்த கிளுவை வேலி, வெறும் வலைவேலி, வலைக்குள் புதிதாகப் போத்து வைத்த வேலி, மூன்றிலும் தவிட்டுக்குருவிக் கூடு எத்தனை நாள் பிழைக்கிறது என்று. போத்து நட சம்மதித்த காட்டுக்காரர்கள் நட்ட தேதியையும் பட்டுப்போன போத்துகளையும் தாங்களே நோட்டில் குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இணைக்காடுகளைத் தேடும் வேலையை இந்த முறை களத் துணைவர் பார்த்துக்கொள்கிறார்.